அடிக்கு ஒரு நூல்

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு இரும்புத் துண்டு வைத்திருக்கிறேன். 50 மில்லிமீட்டர் சதுரம். ஒரு பக்கத்தில் ‘வி’ எழுத்து வடிவத்தில் வெட்டு. மூலையில் 38 என்று பஞ்ச் அடித்திருக்கும். அது கல்லூரி முதல் ஆண்டில் என் வரிசை எண். வீட்டுக்கு வருபவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, ஏதாவது மெஷின் பார்ட்டா?" என்பார்கள். "நான் படித்த காலத்தில் செய்தது" என்று சொல்லி பேச்சை மாற்றிவிடுவேன். முழுக்கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

1971 ஜூலையில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி., பிறகு ஒரு வருடம் பி.யு.சி., அதன் பிறகு ஐந்து வருடம் பி.இ. என்று இருந்த காலம். அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர். எங்கள் ஊரிலிருந்து பி.இ. சேர்ந்த முதல் ஆள் நான்தான். கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் ஆண்டில் வாரம் ஒரு நாள் ஒர்க்‌ஷாப். காக்கிச் சட்டை, காக்கிப் பேன்ட், தோல் ஷூ. ஃபிட்டிங், தச்சு, கொல்லுப்பட்டறை, தகர வேலை, பவுண்டரி என்று சில வாரங்களுக்கு ஒரு பிரிவாக மாற்றி மாற்றி அனுப்புவார்கள். எங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. "இன்ஜினியர் ஆகப் படிக்க வந்தோமா, கொத்து வேலைக்கு வந்தோமா?" என்று ஹாஸ்டலில் பேசிக்கொள்வோம். டிராயிங் ஹாலில் டிராஃப்டரை மாட்டி, பென்சிலைச் சீவி, மயிரிழையாகக் கோடு போடும்போது வந்த பெருமை, அரத்தைப் பிடித்தபோது எங்களுக்கு வரவில்லை.

ஃபிட்டிங் பிரிவுதான் எனக்கு முதலில் விழுந்தது. இன்ஸ்ட்ரக்டர் ஐம்பது வயதுக்காரர். பட்டம் கிடையாது, மில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகி வந்தவர். எதிரில் ‘சார்’ என்போம், முதுகுக்குப் பின்னால் ‘மேஸ்திரி’. முதல் நாள் அரங்களின் வகைகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், முரட்டு அரத்துக்கு அடுத்த வகையின் பெயர் ‘பாஸ்டர்ட் ஃபைல்’ என்றதும் வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எத்தனை வருடம் இதே இடத்தில் இதே சிரிப்பைக் கேட்டிருப்பாரோ!

இரும்பைத் தட்டையாக அராவுவதைப் போல எளிதாகத் தெரிந்து ஏமாற்றும் வேலை வேறில்லை. அரத்தை முன்னால் தள்ளத் தொடங்கும்போது இடது கையின் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே போகப்போக அந்த அழுத்தம் வலது கைக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அரம் ஊஞ்சல் மாதிரி ஆடும். நடு மேடாகவும் இரு ஓரமும் சரிவாகவும் ஆகிவிடும். கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். மூலமட்டத்தை அதன் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், ஓரத்தில் வெளிச்சம் தெரியும். இன்ஸ்ட்ரக்டரின் பரீட்சை அவ்வளவுதான். துண்டை வாங்குவார், மூலமட்டத்தை வைப்பார், ஜன்னலைப் பார்ப்பார். "வெளிச்சம் வருதுங்க தம்பி" என்று திருப்பித் தருவார்.

எங்களுக்கு மார்க் போடும் வேலை ‘வி ஃபிட்டிங்’. இரண்டு துண்டு. ஒன்றில் ‘வி’ வெட்டு; மற்றதில் அதற்குள் உட்காரும் முனை. மேற்பரப்பில் மயில்துத்தக் கரைசலைத் தடவினால் செம்பு மெல்லிசாகப் படியும். அதன் மேல் ஸ்கிரைபரால் கோடு கிழித்து, ஹாக்சாவால் அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நடுவே வெளிச்சம் வரக்கூடாது. நான் முதல் ஜோடியைக் கெடுத்தேன். இரண்டாவதையும் கெடுத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து எரிந்தது. டிராயிங்கில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கும் எனக்கு, நான் வரைந்த கோட்டையே என் கையால் தொட முடியவில்லை.

அங்கே ஒரு ஹெல்பர் இருந்தார். முப்பது வயதிருக்கும். நிரந்தர வேலை இல்லை. நாள் கூலி 3 ரூபாய். பெயரை எழுதவில்லை, அவர் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். சீனியர் மாணவர்கள் சொல்லியிருந்தார்கள்: "அவர்கிட்ட ரெண்டு ரூபாய் கொடு, முடிச்சுக் கொடுத்துருவார்." கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணியில் முடித்துக் கொடுத்தார். அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு அவர் அராவியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தோள் அசைந்தது, அரம் அசைந்த மாதிரியே தெரியவில்லை. இரண்டு துண்டும் டப்பாவும் மூடியும் போலப் பொருந்தின.

பிற்பகல் இன்ஸ்ட்ரக்டர் அதை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். வெளிச்சம் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க செஞ்சதுங்களா?"

"ஆமா சார்."

"நெசமாலுமா?"

"ஆமா சார்."

அந்த நேரம் பார்த்து ஒர்க்‌ஷாப் சூப்பரின்டென்டென்ட் அந்த வழியாக வந்தார். அவர் பட்டதாரி, கோபக்காரர். என்ன விஷயம் என்று கேட்டார். இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு மேசை தள்ளி இரும்புத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்த ஹெல்பர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான்தானுங்க சார் செஞ்சு குடுத்தேன்" என்றார்.

இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. பி.இ. படிக்கும் நான் இரண்டு தடவை பொய் சொன்னேன். நாள் கூலிக்காரர் யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்னார்.

சூப்பரின்டென்டென்ட் என்னிடம், "போய் வேறு துண்டு வாங்கி வேலையைப் பார்" என்றார். அவரிடம், "பதினஞ்சு நாள் இந்தப் பக்கம் வராதே" என்றார். தீர்ப்பு அவ்வளவுதான். தப்பில் எனக்குப் பாதிக்கு மேல் பங்கு. தண்டனையில் எனக்கு ஒரு புதிய இரும்புத் துண்டு.

அன்று சாயங்காலம் இன்ஸ்ட்ரக்டரிடம் தனியாகப் போய், "சார், நான்தான் அவரைக் கேட்டேன்" என்றேன். "அது எனக்குத் தெரியுமுங்க. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? மேல இருக்கறவருக்கு எழுதிக் குடுங்க" என்றார். எழுதவில்லை. இரண்டு ராத்திரி காகிதத்தை எடுத்து வைத்தேன். அப்பாவுக்குத் தகவல் போய்விடுமோ, ஸ்காலர்ஷிப் போய்விடுமோ என்ற பயம். காகிதம் காகிதமாகவே இருந்தது.

அவர் திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். 15 நாளுக்கு 45 ரூபாய். எனக்கு வீட்டிலிருந்து கைச்செலவுக்கு மாதம் 20 ரூபாய் வரும். அதில் 15 ரூபாயை நீட்டினேன். "வேண்டாங்க தம்பி, இருக்கட்டும்" என்பார் என்று எதிர்பார்த்தேன். கதைகளில் அப்படித்தான் வரும். அவர் வாங்கி எண்ணினார். பையில் வைத்தார். "இன்னும் முப்பது இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த இரண்டு மாதமும் 15, 15 ஆகக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சினிமா நின்றது, சாயங்கால டிபன் நின்றது. கடைசித் தவணை வாங்கிய அன்றும் அவர் சிரிக்கவில்லை. இப்போது யோசித்தால், அவர் வாங்கிக்கொண்டதுதான் நல்லது. வேண்டாம் என்றிருந்தால், கேட்டாயிற்று என்ற திருப்தியோடு நான் மறந்திருப்பேன்.

1972 ஜனவரியில் எங்கள் பிரிவு பவுண்டரிக்கு மாறியது. அங்கே போனால் மண்ணைச் சலித்துக்கொண்டு அவரே நிற்கிறார். அவருடைய உண்மையான தொழில் மோல்டிங்தானாம். கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில் சின்ன வயதிலிருந்து வேலை பார்த்தவர்.

கோவை வாசகர்களுக்குப் பவுண்டரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிப் பாகம், கிணற்றுக்கு மோட்டார் பம்ப் என்று வார்ப்படத் தொழிலும் பெருகியது. இந்த ஊர் மண்ணைக் குத்தி இரும்பை ஊற்றித்தான் வளர்ந்தது. ஆனால் அந்த மண்ணை நான் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு ஏற்பாட்டை எங்கள் இன்ஸ்ட்ரக்டர்கள் சேர்ந்து வைத்திருந்தார்கள். விருப்பப்பட்டவர்கள் சின்னப் பொருள் ஒன்றைத் தாங்களே வரைந்து, தச்சுப் பிரிவில் மரப் பேட்டர்ன் செய்து, பவுண்டரியில் வார்த்து, ஃபிட்டிங்கில் முடித்துக்கொள்ளலாம். நான் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு ஒரு உருளை செய்ய நினைத்தேன். இருந்த உருளையில் பள்ளம் தேய்ந்து, அம்மா தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் கயிறு பக்கவாட்டில் சிக்கிக்கொள்ளும்.

ஆறு அங்குலக் குறுக்களவு. விளிம்பில் கயிறு ஓட ஆழமான பள்ளம். கனம் குறைய வேண்டும் என்று இரண்டு பக்கமும் குழித்து, அதில் நாலு துளை. புத்தகத்தில் பார்த்த படத்தைப் போல அழகாக வரைந்தேன். டிராயிங் ஆசிரியர் பார்த்துவிட்டு ‘வெரி குட்’ என்றார். அந்தத் தாளைப் பவுண்டரியில் விரித்து வைத்தபோது, மூன்று மாதமாக என்னோடு பேசாத மனிதர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதை மண்ணுல இருந்து எப்படிங்க வெளிய எடுப்பீங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் மேல் பெட்டி, கீழ்ப் பெட்டி இரண்டையும் காட்டி விளக்கினார். பேட்டர்னைச் சுற்றி மண்ணை இடித்து இறுக்கிய பிறகு, பெட்டியைப் பிரித்துப் பேட்டர்னை நேராகத் தூக்கி எடுக்க வேண்டும். அது இருந்த வெற்றிடத்தில்தான் இரும்பு போகும். "படுக்க வெச்சா ஓரத்துப் பள்ளத்துல மண்ணு மாட்டிக்கும். நிறுத்தி வெச்சா பக்கத்துக் குழியில மாட்டிக்கும். எப்படித் தூக்குனாலும் மண்ணு ஒடைஞ்சு போயிருமுங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் வரைந்தது தாளில் மட்டும் இருக்கக்கூடிய உருளை. "மூணு பெட்டி போட்டுச் செய்யலாம். சுத்திலும் கோர் வெச்சுச் செய்யலாம். கம்பெனியில வட்டமா வார்த்துட்டுப் பள்ளத்தை லேத்துல கடைஞ்சுக்குவாங்க. உங்களுக்கு இந்த வருஷம் லேத் கிடையாதுங்களே" என்றார். பிறகு, "படத்தை மாத்திக்கறதுன்னா காசு செலவில்லை" என்றார்.

மாற்றினேன். பக்கத்துக் குழியையும் நாலு துளையையும் ரப்பரால் அழித்தேன். உருளையை நிறுத்தி வைத்து, குறுக்கே இரண்டு பாதியாகப் பிரிக்கும்படி பேட்டர்ன். நடுத்துளைக்கு மட்டும் ஒரு கோர். தச்சுப் பிரிவு மாஸ்டர் இரண்டு தேக்குத் துண்டுகளை நடுவில் காகிதம் வைத்து ஒட்டி, மர லேத்தில் கடைந்து, பிறகு அந்தக் காகிதத்தோடு பிளந்து இரண்டு பாதியாக்கித் தந்தார்.

அங்கேதான் அடுத்த பாடம். மாஸ்டர் கொடுத்த ஸ்கேலை என் ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரு அடிக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, நீளமாக இருந்தது. "சார், இது தப்பான ஸ்கேல்" என்றேன். மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அது பேட்டர்ன் செய்கிறவர்களுக்கென்றே உள்ள ஸ்கேல். வார்ப்பிரும்பு இறுகிக் குளிரும்போது அடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் சுருங்கும். ஆகவே பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல், ஸ்கேலையே நீட்டி வைத்துவிட்டார்கள். மெட்ரிக் முறை வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. நாங்கள் மில்லிமீட்டரில் படித்தோம். பட்டறையில் மட்டும் நூல் கணக்கு போகவில்லை.

இன்னும் ஒன்றை அவர்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. நானே கெடுத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். உருளையின் இரு பக்கமும் செங்குத்தாக இருந்தன. பேட்டர்னைத் தூக்கும்போது அது மண் சுவரை உரசிக்கொண்டே வந்து இடித்துவிட்டது. மறுபடி இடித்தேன், மறுபடி சரிந்தது. "கொஞ்சம் சரிவு குடுங்க தம்பி. தூக்குனவுடனே மண்ணை விட்டு விலகோணும்" என்றார் ஹெல்பர். நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும்படி இரண்டு பக்கத்தையும் சீவினேன். ஒன்று, இரண்டு டிகிரிதான் இருக்கும். மூன்றாவது தடவை பேட்டர்ன் வழுக்கிக்கொண்டு வந்தது.

மண்ணின் ஈரத்தையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் பதிய வேண்டும். உடைத்தால் விளிம்பு உதிராமல் இரண்டாக உடைய வேண்டும். ஈரம் மிஞ்சினால் ஆவி கிளம்பி இரும்பில் ஓட்டை விழும். கம்பியால் குத்திக் காற்றுப் போக வழி விட்டார். குபோலா மூட்டுகிற நாள் வந்தது. 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பைக் கரண்டியில் ஏந்தி இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் ஊற்ற, மறுபக்கம் ரைசரில் ஆரஞ்சு நிறத்தில் மேலே வந்து நின்றது. மறுநாள் மண்ணைத் தட்டி எடுத்தபோது உருளை சாம்பல் நிறத்தில், கரடுமுரடாக, மண் ஒட்டியபடி இருந்தது. அளந்து பார்த்தேன். ஆறு அங்குலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்பர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். "அம்மாகிட்டக் குடுங்க. கயிறு இனி சிக்காது" என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கல்வி ஆண்டு முடிவில் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ஒர்க்‌ஷாப்பில் மூன்று ஹெல்பர்களை நிரந்தரம் செய்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள்கூட அதில் இருந்தார்கள். அவர் இல்லை. இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டேன். "ரெக்கார்டுல பதினஞ்சு நாள் இருக்குதுங்களே" என்றார். நான் எழுதாமல் விட்ட கடிதம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் நிரந்தரமானார். 45 ரூபாயை அடைத்துவிட்டேன். அந்த இரண்டு வருடத்தை அடைக்க வழியில்லை.

இன்ஜினியரிங் படிப்புக்கு இத்தனை வருடம் எதற்கு, இரண்டு வருடம் போதாதா என்று கேட்டவர் நம் ஊர் ஜி.டி. நாயுடு. 1974 ஜனவரியில் அவர் மறைந்தபோது நான் மூன்றாம் ஆண்டு. அவர் கேட்டது சரியா தவறா என்று ஹாஸ்டலில் இரவெல்லாம் வாதம் செய்தோம். இரண்டு வருடமோ ஐந்து வருடமோ, மண்ணிலிருந்து எப்படி வெளியே எடுப்பாய் என்ற கேள்வி அதற்குள் வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு அது முதல் வருடத்திலேயே வந்தது.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் டிசைன் பிரிவில் இருந்தேன். டிராயிங்கின் கீழ் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கையெழுத்துக்குக் கட்டம் உண்டு. வார்க்கப் போகிறவருக்குக் கட்டம் கிடையாது. என் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்களிடம் ஒன்று சொல்வேன்: கையெழுத்து வாங்க என்னிடம் வருவதற்கு முன்னால் பேட்டர்ன் ஷாப்புக்கும் மோல்டிங்குக்கும் போய்விட்டு வாருங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். போய்விட்டு வந்ததும் பாதிப் பேர் டிராயிங்கைத் திருத்திக்கொண்டு வருவார்கள். யாராவது தவறு செய்து கீழே இருப்பவர் மாட்டிக்கொண்டால், அன்றைக்கே எழுதிக் கொடுக்கச் சொல்வேன். அதில் நான் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் அவர்களுக்குத் தெரியாது.

இப்போது பேத்தி முதல் ஆண்டு இன்ஜினியரிங் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் ஒரு பாகத்தை வரைந்து காட்டினாள். எந்தப் பக்கம் சரிவு போதவில்லையோ அது தனி நிறத்தில் தெரிகிறது. மண்ணை மூன்று தடவை சரிய விடாமலே கற்றுக்கொண்டுவிடுகிறாள், நல்லதுதான். "இந்தச் சரிவு எதுக்குன்னு தெரியுமா, கண்ணு?" என்று கேட்டேன். "சாஃப்ட்வேர் கேக்குது தாத்தா" என்றாள். அடுத்த வாரம் ஒரு பவுண்டரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் உருளை, கிணறு வற்றும் வரை ஓடியது. பிறகு போர் போட்டோம். உருளை தம்பி வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. என் மேசையில் இருக்கும் துண்டு, ஹெல்பர் செய்துகொடுத்தது அல்ல. சூப்பரின்டென்டென்ட் சொன்னபடி நான் வாங்கி, இன்ஸ்ட்ரக்டர் முன்னால் என் கையால் அராவிய மூன்றாவது ஜோடியில் ஒன்று. பத்துக்கு ஆறு மார்க். ஜன்னல் பக்கம் பிடித்தால் வலது மூலையில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரும்.